மகளின் வட்ஸ்அப்பை அவளுக்குத் தெரியாமல் பார்க்கலாமா?

உப்புவெளிக்காரி

மகளுக்கு 15 வயது. தரம் 10, அடுத்த வருடம் ஓ.எல். கணிதமும் விஞ்ஞானமும் சூமில்தான் நடக்கிறது, நோட்ஸும் பேப்பரும் வட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. ஆகவே போனைப் பறித்து அலுமாரியில் பூட்டுங்கள் என்ற ஆலோசனை வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொஞ்ச நாளாக ஆள் ஒரு மாதிரி. நான் அறைக்குள் போனால் போன் குப்புறக் கவிழ்கிறது. குளிக்கப் போனாலும் போன் கூடவே போகிறது. இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழும்பினால் போர்வைக்குள் வெளிச்சம். கேட்டால் "ஒண்டுமில்லை அம்மா" என்கிறாள். சாப்பாடு குறையவில்லை, மார்க்ஸும் குறையவில்லை. ஆனால் பாடசாலை விட்டு வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முதலே கதை சொல்லத் தொடங்கும் பிள்ளை, இப்போது கேட்டதற்கு மட்டும்தான் பதில்.

அவள் தூங்கும்போது அவளுடைய வட்ஸ்அப்பைத் தன் லப்டொப்பில் இணைத்துவிட்டால் வருகிறதெல்லாம் பார்க்கலாம், அவளுக்குத் தெரியவே தெரியாது என்று இவர் சொல்கிறார். இவருடைய தம்பி தன் மகனுக்கு அப்படித்தான் செய்து வைத்திருக்கிறாராம். எனக்கு மனம் ஒப்பவில்லை. சும்மா இருக்கவும் பயமாக இருக்கிறது. உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

மனையாவெளி மச்சாள்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அக்கா? போன் யாருடைய காசு? சிம் யாருடைய பெயரில்? என் வீட்டில் போன் பாவிக்கிற இடம் ஹோல், அறைக்குள் போகக் கூடாது. பத்து மணிக்கு என் தலையணைக்குக் கீழே வந்துவிட வேண்டும். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். எப்போது கேட்டாலும் திறந்து காட்ட வேண்டும். ஒளித்துப் பார்க்கிற வேலையெல்லாம் எனக்குத் தேவையில்லை, முகத்துக்கு நேரே வாங்கிப் பார்ப்பேன்.

திருகோணமலையில் கேற்றைத் திறந்து விட்டால் மான் வந்து பூக்கன்றைத் தின்றுவிட்டுப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். இணையத்தைத் திறந்து விட்டுவிட்டு என்ன வந்தது என்று கேட்டால்? நாளைக்கு ஒரு கதை கிளம்பினால் பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் தலை குனிந்து நிற்கப் போவது நாங்கள்தான்.

நீலக்கடல்

2000களில் எங்களூர் நெட் கபேயில் பலகை அடித்த கூண்டு, அதற்கொரு திரைச்சீலை. ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டிவிட்டு உள்ளே போனால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். உங்கள் மனுசனும் நானும் அந்தக் கூண்டுகளில் வளர்ந்தவர்கள்தான் அக்கா. அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ரவுட்டர் மாமா

டவுனில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன், அதனால் இது தினமும் என் மேசைக்கு வருகிற விசயம்.

முதலில் அண்ணாவிடம் சொல்லுங்கள், "தெரியவே தெரியாது" என்பது பிழை. வட்ஸ்அப் ஒரு கணக்கோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்க விடும். எது இணைந்திருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தது என்ற விபரம் முழுவதும் பிள்ளையின் போனிலேயே 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் கிடக்கும். அந்த இடம் எங்களுக்கு முதல் அவர்களுக்குத் தெரியும். பார்த்த அன்றே லொக் அவுட் செய்துவிட்டு, உங்களுக்குத் தெரியாத இன்னொரு இடத்துக்குக் கதையை மாற்றிவிடுவார்கள்.

இரண்டாவது, உளவுச் செயலிகள். மாதக் கட்டணம், பிள்ளை தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் வரும் என்று விளம்பரம் செய்கிறார்கள். இவற்றில் பல பிளே ஸ்டோரில் கிடையாது. போனின் பாதுகாப்பை நிறுத்திவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் மகளின் படம், இருப்பிடம், கதை எல்லாம் வெளிநாட்டில் யாருடையதோ கொம்பியூட்டருக்குப் போகிறது. பெயர்போன அப்படியொரு செயலியின் வாடிக்கையாளர் தரவுகள் 2024இல் வெளியே கசிந்தன. பிள்ளையைக் காப்பாற்றப் போய் பிள்ளையை ஊருக்குக் காட்டுகிற வேலை. என் கடையில் அதைச் செய்து கொடுப்பதில்லை.

ஒரு தகப்பன் மகனின் போனைக் கொண்டு வந்து பற்றேர்ன் லொக்கை உடைத்துத் தரச் சொன்னார். பொடியன் எங்கே என்று கேட்டேன். வெளியே, ரோட்டில், சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே கூப்பிடச் சொன்னேன். வந்து என் முகத்தையும் பார்க்கவில்லை, தகப்பன் முகத்தையும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த ஸ்க்ரூ ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டே நின்றான். "தம்பி, நீயே திற, அப்பாவுக்கு எதைக் காட்டலாமோ அதைக் காட்டு, மற்றதை நான் பார்க்க விடமாட்டேன்" என்றேன். திறந்தான். ஃப்ரீ ஃபயர் கேமில் டயமண்ட் வாங்க யாரிடமோ கடன் பட்டிருக்கிறான், அவன் திருப்பிக் கேட்டு அனுப்பிய மெசேஜ்கள். அவ்வளவுதான். தகப்பன் கடையிலேயே கதிரையில் இருந்துவிட்டார், அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டு வந்தவர்.

வெளிப்படையாகப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க் இலவசம். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்று காட்டும். புதுச் செயலி இறக்க உங்களிடம் அனுமதி கேட்கும். இரவு நீங்கள் வைத்த மணிக்குப் பூட்டும், போன் எங்கே இருக்கிறது என்றும் காட்டும். குரோமில் மறைநிலையில் உலாவ விடாது. யாரோடு என்ன கதைத்தாள் என்பது மட்டும் வராது, அதை எதிர்பார்க்காதீர்கள். 13 வயது தாண்டி ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கிற பிள்ளை என்றால் அவளுடைய பாஸ்வேர்டும் அவளுடைய சம்மதமும் இல்லாமல் சேர்க்க ஏலாது. ஆகவே எப்படியும் கதைத்துத்தான் ஆக வேண்டும்.

கிண்ணியா வாப்பா

நான் டோஹாவில். மகனுக்கு 14. மாமா சொன்ன அதே ஃபேமிலி லிங்க்தான் எங்கள் வீட்டிலும், இங்கிருந்தே பூட்டுகிறேன். நேரம் வைத்ததில் பிரயோசனம் இருக்கிறது, சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிறான். ஆனால் பெருநாளுக்கு ஊருக்குப் போனபோதுதான் கண்டேன், தன் போன் பூட்டியதும் அவனுடைய சாச்சாவின் பழைய போனை எடுத்துக்கொள்கிறான். அதில் சிம் இல்லை, பக்கத்து வீட்டு ஹொட்ஸ்பொட். போதாக்குறைக்கு நடுச்சாமத்துக்குப் பிறகென்று தனியாக டேட்டா கொடுக்கிற பெக்கேஜ்களும் இருக்கின்றன. இரவில் கொடுத்தால் இரவில்தானே பாவிப்பார்கள்.

அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு சோஷியல் மீடியா கணக்கே கூடாது என்று 2024 நவம்பரில் சட்டம் போட்டு, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பொறுப்பு கம்பனிகளின் தலையில், பெற்றோரின் தலையில் இல்லை. எங்கள் நாட்டிலும் வந்தால் என் போன்ற வெளிநாட்டு வாப்பாமாருக்கு நிம்மதி.

மாமாவிடம் ஒரு கேள்வி. வீட்டு வைஃபையில் ஆபாசத் தளங்களை மொத்தமாக அடைக்க வழி உண்டா?

ரவுட்டர் மாமா

உண்டு நானா, காசும் இல்லை. ரவுட்டருக்குள் போய் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்று போடச் சொல்லுங்கள். கிளவுட்ஃபிளேர் 2020இல் குடும்பங்களுக்கென்று தொடங்கியது, வைரஸ் தளத்தையும் ஆபாசத் தளத்தையும் பெயரைக் கேட்ட இடத்திலேயே மறித்துவிடும். இரண்டாவது பெட்டியில் 1.0.0.3. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள், ஸ்டிக்கரில் இருக்கிறதை வாசிக்க எந்தப் பிள்ளைக்கும் கண் இருக்கிறது.

ஆனால் மொபைல் டேட்டாவுக்குப் போனால் இது வேலை செய்யாது. விபிஎன், அதாவது இந்த மாதிரி அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகிற செயலி, போட்டாலும் செய்யாது. விபிஎன் எங்கே படித்தார்கள் என்று கேட்காதீர்கள். 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியபோது வீட்டுக்கு வீடு நாங்களே இறக்கிக் கொடுத்தோம். சின்னப் பிள்ளை தெரியாத்தனமாக ஒன்றைத் தட்டி அதிர்ந்து போகாமல் இருக்க இந்த அடைப்பு நல்லது. தேடிப் போகிறவனை இது நிறுத்தாது.

பழைய வாத்தியார்

முப்பது வருடங்களுக்கு மேல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். எல்லாரும் பிள்ளை என்ன பார்க்கிறது என்றே கதைக்கிறீர்கள். என் கவலை, பிள்ளை மாட்டிக்கொண்டால் யாரிடம் போகும் என்பது.

என்னிடம் படித்த பிள்ளை ஒன்று. எந்தப் பாடசாலை, எந்த வருடம் என்பது வேண்டாம். அவளுடைய முகத்தை வேறு உடம்பில் ஒட்டி ஒரு படம் செய்து, அதை அவளுக்கே அனுப்பி, ரீலோட் போடு இல்லாவிட்டால் உன் வகுப்புக் குரூப்பில் போடுவேன் என்று ஒருவன் மிரட்டினான். அவள் போட்டாள். சின்னத் தொகைதான், ரியூசன் காசிலிருந்து. அடுத்த கிழமை கூடக் கேட்டான். பிறகு இன்னும் கூட. ரியூசன் காசு வரவில்லை என்று அங்கேயிருந்து வீட்டுக்குக் கோல் வந்த பிறகுதான் விசயம் வெளியே வந்தது. அவ்வளவு காலமும் தாயிடம் ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டோம். "சொன்னா போனை வாங்கிடுவாங்க, பிறகு படிப்பையும் நிப்பாட்டிடுவாங்க" என்றாள். படம் பொய்ப் படம். அவள் ஒரு தவறும் செய்யவில்லை. அப்படியிருந்தும் தண்டனை தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மிரட்டுகிறவனின் பலமே இதுதான். அவனுக்குத் தேவை பிள்ளை வீட்டில் சொல்லாமல் இருப்பது. அதை நாங்களே அவனுக்குச் செய்து கொடுக்கிறோம்.

சட்டப்புத்தகம்

சேர் சொன்னதோடு சேர்த்து, அப்படி ஒன்று நடந்தால் செய்ய வேண்டியவை. காசு கொடுக்காதீர்கள், கொடுத்தால் நிற்காது. மெசேஜை அழிக்காதீர்கள். இலக்கம், கணக்கின் பெயர், திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்த பிறகு புளொக் செய்யுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு எந்த நேரத்திலும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். பிள்ளையே எடுக்கலாம், பெரியவர் எடுக்க வேண்டும் என்றில்லை. பொலிஸில் சிறுவர், பெண்கள் பணியகத்தின் இலக்கம் 109. பிரதேச செயலகத்திலும் சிறுவர் விசயங்களுக்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார், பொலிஸ் படி ஏறத் தயங்குகிறவர்கள் அங்கே தொடங்கலாம்.

உடை இல்லாத படமோ அப்படிச் செய்யப்பட்ட போலிப் படமோ சுற்றும் என்ற பயம் இருந்தால், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கென்று அமெரிக்காவிலிருந்து இயங்கும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே படத்திலிருந்து ஓர் இலக்கக் கோவை எடுக்கப்பட்டு அது மட்டும் போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்ற தளங்கள் அதை வைத்து அந்தப் படத்தைத் தேடி நீக்கும்.

உப்புவெளி அக்காவின் கேள்விக்கு: இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தையும் கடிதத் தொடர்பையும் காக்கிறது. அதே சமவாயத்தின் 5ஆம் உறுப்புரை, பிள்ளை வளர்கிற அளவுக்கு ஏற்ப வழிகாட்டுகிற உரிமையையும் கடமையையும் பெற்றோருக்குக் கொடுக்கிறது. 8 வயதுப் பிள்ளைக்குச் செய்வதை 15 வயதுப் பிள்ளைக்கு அப்படியே செய்ய ஏலாது என்றுதான் இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்கு விளங்குகிறது.

மனையாவெளி மச்சாள்

சமவாயம் வந்து என் வீட்டில் சமைக்காது. 15 வயதுப் பிள்ளைக்கு என்ன அந்தரங்கம்? எங்களுக்கு இருந்ததா? என் அம்மா என் புத்தகப் பையைக் கொட்டித்தான் பார்ப்பா.

நீலக்கடல்

கொட்டிப் பார்த்தா. கடிதம் அகப்பட்டதா மச்சாள்?

மனையாவெளி மச்சாள்

அது சிநேகிதியின் பையில் இருந்தது. அது வேற கதை.

பத்தாம் வகுப்புப் பிசாசு

எனக்கு 16. அம்மாவுக்கு இந்த இழையைத் தெரியும், நான் எழுதுகிறது தெரியாது.

அன்ரி, நாங்கள் போனைக் கவிழ்க்கிறது எல்லாம் பெரிய விசயம் இல்லை. பாதி நேரம் சிநேகிதியின் கதை. அவளுடைய வீட்டில் சண்டை, அவள் அழுது வொய்ஸ் அனுப்புவாள், அதை அம்மா கேட்டால் அடுத்த நாள் அவளுடைய அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவா. அது என்னுடைய ரகசியம் இல்லை, அவளுடையது. மிச்சப் பாதி மீம். விளங்கப்படுத்தினால் சிரிப்பு வராது.

ஒளிக்கத்தான் வேண்டுமென்றால் வழி நிறைய இருக்கிறது. கல்குலேட்டர் மாதிரி இருக்கும், இலக்கம் அடித்தால் படம் திறக்கும். இரண்டாவது கணக்கு எல்லாரிடமும் இருக்கிறது, வீட்டாருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. அவுஸ்திரேலியா சட்டம் சொன்ன அங்கிள், இங்கே நாங்கள் பிறந்த திகதியை மாற்றிப் போட்டுத்தான் கணக்கே திறந்தோம். என் வகுப்பில் பாதிப் பேருக்கு இன்ஸ்டகிராமில் 20 வயதுக்கு மேல். இன்ஸ்டகிராம் 2024இல் கொண்டுவந்த ரீன் கணக்கு, அதாவது தெரியாதவன் மெசேஜ் போட ஏலாது, இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை அறிவிப்பு வராது, இதெல்லாம் எங்களுக்குக் கிடைக்காது. ஏனென்றால் நாங்கள் பெரியவர்கள்.

வாத்தியார் சேர் சொன்ன அக்கா சொன்னதுதான் உண்மை. ஒருவன் கெட்ட படம் அனுப்பினால் நான் புளொக் பண்ணிவிட்டுப் பேசாமல் இருப்பேன். வீட்டில் சொன்னால் முதலில் கேட்பது "உனக்கு ஏன் அனுப்பினவன்?" இரண்டாவது நடப்பது போன் போகும். அப்ப யார் சொல்லுவார்கள்?

கிண்ணியா வாப்பா

மகள், சொன்னது நல்லது. ஆனால் உங்கள் வயதில் புளொக் பண்ணத் தெரிந்தது உங்கள் தங்கச்சிக்குத் தெரியாது. அந்த வயதுகளுக்கு வாப்பா உம்மா பார்க்கத்தான் வேண்டும். வெளியே இருந்தால் பயம் இரண்டு மடங்கு, அதையும் விளங்கிக்கொள்ளுங்கள். நான் இங்கே ஷிப்ட் முடிந்து படுக்கும்போது என் போனில் அவனுடைய புள்ளி வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறேன். அவனுக்கு அது தெரியும். சில நாள் "வாப்பா, பாத்தாச்சா?" என்று அவனே மெசேஜ் போடுவான்.

நீலக்கடல்

ஒரு சந்தேகம் அக்கா. மகளுக்கு அண்ணன் தம்பி உண்டா? அவர்களுடைய போனை யார் பார்க்கிறார்?

உப்புவெளிக்காரி

மகன் இருக்கிறான், 17. ஏ.எல் படிக்கிறான். ஒருவரும் பார்ப்பதில்லை. கேட்டேன். "அவன் பொடியன் தானே" என்றார் இவர்.

ரவுட்டர் மாமா

கடைக்கு மிரட்டல் மெசேஜோடு வருகிறவர்களில் பொடியன்களும் இருக்கிறார்கள் அக்கா. பெண் பெயரில் வீடியோ கோல் எடுத்து, பொடியனை உடை கழற்ற வைத்து, அதைப் பதிவு செய்து காசு கேட்கிறது. பொடியன்கள் இன்னும் வாய் திறக்கமாட்டார்கள், வெட்கம். அண்ணாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

உப்புவெளிக்காரி

எல்லாருக்கும் நன்றி. லப்டொப் யோசனையை விட்டாச்சு. மாமா எழுதியதை இவர் வாசித்தார். தம்பிக்கு கோல் எடுத்துப் பார்க்கச் சொன்னார். அவருடைய மகன் எப்போதோ கண்டுபிடித்து, அந்தக் கணக்கில் பாடக் குறிப்பு மட்டும் வைத்திருக்கிறான். இவ்வளவு நாளும் அதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்.

நேற்றுப் பின்னேரம் டச்சுபேப் பக்கம் மகளோடு நடந்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன், உன் போனை ஒளித்துப் பார்க்கவா, உன்னோடு இருந்து பார்க்கவா என்று. முதலில் கோபம் வந்தது. பிறகு நான் சொன்னேன், யாராவது மிரட்டினாலோ கண்டதை அனுப்பினாலோ நீ என்னிடம் வந்து சொன்னதற்காக உன் போனை எடுக்கமாட்டேன், ரியூசனை நிறுத்தமாட்டேன், ஏன் உனக்கு அனுப்பினான் என்றும் கேட்கமாட்டேன். கொஞ்சத் தூரம் பேசாமல் வந்துவிட்டு, "இதை அப்பாவும் சொல்லுவாரா?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவைச் சொல்ல வைத்தாள். மகனையும் பக்கத்தில் நிறுத்தித்தான் சொன்னார், கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு.

இரவு 10.30க்கு எல்லாப் போனும் ஹோல் பிளக்கில் சார்ஜுக்கு. எல்லாம் என்றால் மகனுடையது, என்னுடையது, இவருடையதும். அதுதான் மகளின் நிபந்தனை, இவருக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது. ஃபேமிலி லிங்க் அவளே பாஸ்வேர்ட் போட்டுச் சேர்த்தாள். இன்ஸ்டகிராமைத் திறந்து காட்டினாள், பிசாசு பிள்ளை சொன்ன மாதிரியே எங்கள் மகளுக்கு 22 வயது. திகதியைத் திருத்தினோம். மெசேஜ்களை நான் வாசிக்கவில்லை. அவளும் காட்டவில்லை. போன் இன்னும் குப்புறத்தான் கவிழ்கிறது.

மனையாவெளி மச்சாள்

நல்லது அக்கா, ஆனால் நான் என் வீட்டுச் சட்டத்தை மாற்றப் போவதில்லை. அந்த "சொன்னதற்காகப் பறிக்கமாட்டேன்" என்பதை மட்டும் சொல்லிப் பார்க்கிறேன். மாமா, எங்கள் வீட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. எல்லாப் போனும் என் தலையணைக்குக் கீழே வந்தாலும் அம்மம்மாவின் போன் அவவிடம்தான். பேரப்பிள்ளை கேட்டால் யோசிக்காமல் கொடுத்துவிடுவா. பாஸ்வேர்ட் போட்டால் அவவே மறந்துவிடுவா.

ரவுட்டர் மாமா

கைரேகை போடுங்கள்.

மனையாவெளி மச்சாள்

போட்டுப் பார்த்தாச்சு. அடுப்படியிலேயே தேய்ந்த விரல், பிடிக்குதில்லை.

ரவுட்டர் மாமா

அப்ப சனிக்கிழமை கடைக்குக் கொண்டு வாங்கோ. அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு. அவவின் சம்மதமும் வேணும்.